முள்வேலிக்குள் வளர்ந்த உடற்பயிற்சி

மனிதர் சிலருடைய பெயர்கள், அவர்கள் மறைந்த பின்னர் அவர்களை விட்டு நீங்கி, அவர்கள் ஆக்கிய பொருள்களுக்கே உரியனவாகி விடுகின்றன. டீசல் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நமக்கு எண்ணெயும் எஞ்சினும் நினைவுக்கு வருகின்றனவே அன்றி, ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியியல் அறிஞர் நினைவுக்கு வருவதில்லை. பிலாட்டீஸ் என்னும் சொல்லும் அத்தகையதே. பெருநகரங்களின் உடற்பயிற்சிக் கூடங்களிலும், மருத்துவமனைகளின் இயன்முறைச் சிகிச்சைப் பிரிவுகளிலும் இன்று இச்சொல் வழங்குகின்றது. ஆயினும் அது ஒரு மனிதரின் பெயர் என்பதையும், அம்மனிதர் நோயாளிப் பிள்ளையாக வளர்ந்து, போர்க்காலத்தில் முள்வேலிக்குள் அடைபட்டுக் கிடந்தவர் என்பதையும் அறிந்தோர் சிலரே.

அவர் வகுத்த பயிற்சியை ஒழுங்காகச் செய்து வருவோர் அடையும் பயன் யாது? இவ்வினாவுக்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம். பயன்களை ஒன்று, இரண்டு என்று எண்ணிச் சொல்லிவிட்டால் போதாதா என்று மாணவ நேயர்கள் கேட்கலாம். போதாது. ஏனெனில் இப்பயிற்சியைச் சுற்றிப் புகழுரைகளும் கதைகளும் மிகுதியாக வளர்ந்துள்ளன. எது மெய், எது மிகை என்று பிரித்தறிய வேண்டுமானால், அது தோன்றி வளர்ந்த வரலாற்றை முதலில் பார்த்தல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் உடற்பயிற்சி ஒரு நாட்டுப்பணியாகவே கருதப்பட்டது. 1806ஆம் ஆண்டு நெப்போலியனிடம் தோல்வியுற்ற பிரஷ்யாவில், ஃப்ரீட்ரிக் லூட்விக் யான் என்னும் ஆசிரியர் இளைஞரின் உடலையும் உள்ளத்தையும் ஒருங்கே உரமேற்ற விரும்பினார். 1811ஆம் ஆண்டு பெர்லின் நகருக்கு வெளியே ஹாசன்ஹைடே என்னுமிடத்தில் திறந்தவெளிப் பயிற்சிக் களம் ஒன்றை அமைத்தார். இவ்வியக்கம் அரசியல் கிளர்ச்சிக்கு வழிகோலும் என்று அஞ்சிய பிரஷ்ய அரசு, 1820 முதல் 1842 வரை அதனைத் தடை செய்து வைத்திருந்தது. தடை நீங்கிய பின்னர் ஜெர்மானிய ஊர்கள் பலவற்றிலும் உடற்பயிற்சிச் சங்கங்கள் பெருகின. சுவீடன் நாட்டிலோ பெர் ஹென்ரிக் லிங் என்பவர் 1813ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் பயிற்சிக் கழகம் ஒன்றை நிறுவி, வேறொரு வழியை வகுத்தார். உடற்கூற்று அறிவைத் துணையாகக் கொண்டால், நோயுற்றோரைத் தேற்றுதற்கும் பயிற்சி உதவும் என்பது அவர் கொள்கை. நூற்றாண்டின் இறுதியில் யூஜின் சாண்டோ என்னும் ஜெர்மானிய வீரர் தோன்றி, திரண்ட தசைகளை மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து கண்டு வியக்கும் காட்சியாக்கினார். நாட்டு வலிமை, நோய் நீக்கம், உடலழகு என்னும் இம்மூன்று நோக்கங்களும் கலந்து நின்ற காலத்தில் பிறந்தவரே ஜோசப் ஹூபர்டஸ் பிலாட்டீஸ்.

அவர் 1883ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள், ஜெர்மனியின் மேற்குப் பகுதியிலுள்ள மன்ஷன்கிளாட்பாக் என்னும் ஊரில் பிறந்தார். நெசவாலைகள் நிறைந்த தொழில் நகரம் அது. இளமையில் அவரை ஆஸ்துமாவும், முடக்குக் காய்ச்சலும், எலும்பு வளைந்து போகும் ரிக்கெட்ஸ் நோயும் வருத்தின என்று கூறப்படுகின்றது. ரிக்கெட்ஸ் என்பது அந்நாளில் ஐரோப்பியத் தொழில் நகரங்களின் சாபக்கேடாக இருந்தது. வெயில் படாத நெருக்கமான தெருக்களிலும், புகை மூடிய வானத்தின் கீழும் வளர்ந்த குழந்தைகளின் கால்கள் வில்போல் வளைந்தன. சூரிய ஒளி தோலின்மேல் படும்போது உடலில் உண்டாகும் வைட்டமின் டி என்னும் சத்தின் குறைவே அதற்குக் காரணம் என்பது, 1920ஆம் ஆண்டுகளில்தான் தெளிவாயிற்று. அதற்கு முன்னர், நோயாளிப் பிள்ளைக்கு மருத்துவம் சொல்லக்கூடியது மிகக் குறைவு. அப்பிள்ளை தன் உடலைத் தானே சீர்படுத்த முனைந்தான். உடற்கூற்றுப் படங்களைப் பார்த்துக் கற்றான். கருவிப் பயிற்சி, குத்துச்சண்டை, நீச்சல் ஆகியவற்றில் ஈடுபட்டான். பிற்காலத்தில் அவர் வகுத்த முறைக்கு வித்து இங்கேதான் இருக்கின்றது. வலிமையுடையோர் மேலும் வலிமை பெறுதற்காக அவர் பயிற்சியைத் தேடவில்லை. குறையுடைய உடல் ஒன்று நிமிர்ந்து நிற்பதற்காகவே தேடினார்.

முதல் உலகப் போருக்குச் சில ஆண்டுகள் முன்பு அவர் இங்கிலாந்துக்குச் சென்றார். குத்துச்சண்டையாலும் வித்தைக் காட்சிகளாலும் அங்கே அவர் பிழைத்து வந்தார் என்பர். 1914ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் போர் மூண்டது. அதுவரை அடுத்த வீட்டுக்காரராக இருந்த ஜெர்மானியர், ஒரே நாளில் பகைநாட்டுக் குடிகளாயினர். முடிதிருத்துவோர், உணவு விடுதிப் பணியாளர், மாலுமிகள், இசைக்கலைஞர் என்று எத்தொழில் செய்தவராயினும், ஜெர்மனியில் பிறந்தமை ஒன்றே குற்றமாயிற்று. 1915ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் லூசிட்டேனியா என்னும் பயணிக் கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி மூழ்கடித்தபின், பொதுமக்களின் சினம் கரைகடந்தது. படையிற் சேரும் வயதுடைய ஜெர்மானிய ஆடவர் அனைவரையும் காவலில் வைக்குமாறு பிரிட்டிஷ் அரசு ஆணையிட்டது. பிலாட்டீஸ் முதலில் லங்காஸ்டர் நகரிலும், பின்னர் மான் தீவிலுள்ள நாக்கலோ முகாமிலும் அடைக்கப்பட்டார்.

நாக்கலோ முகாமைப் பற்றிச் சிறிது விரிவாகவே கூற வேண்டும். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடைப்பட்ட கடலில் உள்ளது மான் தீவு. அதன் மேற்குக் கரையில், பீல் என்னும் சிற்றூருக்கு அருகிலிருந்த விளைநிலத்தில், 5,000 பேர் தங்குவதற்கென்று அம்முகாம் முதலில் திட்டமிடப்பட்டது. போர் நீண்டபோது அது மரக்குடிசைகளாலான ஒரு நகரமாகவே வளர்ந்தது. மிகுதியாக நிரம்பிய காலத்தில் ஏறத்தாழ 23,000 பேர் அங்கே அடைபட்டிருந்தனர். முகாம் முழுவதும் முட்கம்பி வேலிகளால் தனித்தனி அடைப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. மேற்கிலிருந்து கடற்காற்று ஓயாமல் வீசும். மழை பெய்தால் தரை சேறாகிவிடும். இவர்கள் போர்க்கைதிகளும் அல்லர்; தண்டனை பெற்ற குற்றவாளிகளும் அல்லர். ஆதலின், எந்நாளில் விடுதலை என்பதை எவரும் அவர்களுக்குச் சொல்ல இயலாது. செய்வதற்கு வேலையும் இல்லை. தனித்திருப்பதற்கு இடமும் இல்லை.

இந்நிலை உடலையும் உள்ளத்தையும் எவ்வாறு அரித்தது என்பதை அடால்ஃப் லூக்கஸ் ஃபிஷர் என்னும் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆராய்ந்து, 1918ஆம் ஆண்டு ஒரு நூல் எழுதினார். அடைபட்டோரிடம் தோன்றிய சோர்வு, மறதி, உறக்கமின்மை, காரணமற்ற எரிச்சல் ஆகியவற்றுக்கு அவர் இட்ட பெயர் ‘முட்கம்பி நோய்’ என்பதாகும். இந்நோய்க்கு மருந்து வேலையே என்று கண்டவர்களுள் ஜேம்ஸ் பெய்லி என்பவரும் ஒருவர். குவேக்கர் சமயத்தாரின் உதவிக்குழு அனுப்பிய கைத்தொழில் ஆசிரியர் அவர். மரவேலை, கூடை முடைதல் முதலிய தொழில்களை முகாமில் ஏற்படுத்தி, சும்மா இருந்த கைகளுக்கு அவர் பணி தந்தார். பெய்லி கைகளுக்குச் செய்ததைப் பிலாட்டீஸ் உடல் முழுவதற்கும் செய்தார் எனலாம். தாம் பயின்ற பயிற்சிகளை உடனிருந்தோர்க்குக் கற்பித்தார். குறுகிய குடிசையில், கருவி எதுவும் இல்லாமல், தரையில் படுத்தவாறே செய்யத்தக்க பயிற்சிகள் அத்தகைய இடத்துக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை நாம் எளிதில் உணரலாம்.

இங்கே இரண்டு கதைகள் பரவலாக வழங்குகின்றன. எழுந்து நடக்க இயலாத நோயாளிகளுக்காக, அவர்களுடைய கட்டில்களில் சுருள்வில்களைப் பொருத்தி, படுத்தபடியே கைகால்களை இழுத்துப் பயிலுமாறு பிலாட்டீஸ் செய்தார் என்பது ஒன்று. 1918ஆம் ஆண்டு உலகெங்கும் கோடிக்கணக்கானோரைக் கொன்ற விஷக்காய்ச்சல், அவரிடம் பயின்றோருள் ஒருவரையும் தீண்டவில்லை என்பது மற்றொன்று. முதற்கதை நிகழ்ந்திருக்கக் கூடியதே. இரண்டாவது கதையையோ நாம் தயக்கத்துடன்தான் கேட்க வேண்டும். அதனை நிலைநாட்டும் முகாம் பதிவு எதுவும் எடுத்துக்காட்டப்படவில்லை. மேலும், முதுகையும் வயிற்றையும் உரப்படுத்தும் பயிற்சி, தொற்றுக் கிருமியைத் தடுத்து நிறுத்தும் என்று கொள்வதற்கு மருத்துவ அறிவு இடந்தரவில்லை. நல்ல செயல் ஒன்றைச் செய்தவர்மேல் அற்புதங்களை ஏற்றிச் சொல்லுதல் உலகியல்பு. வரலாற்று மாணவர் அச்செயலை மதித்து, அற்புதத்தை விலக்கிவிடுதல் வேண்டும்.

போர் முடிந்து, 1919ஆம் ஆண்டு முகாம் கலைக்கப்பட்டது. ஜெர்மனிக்குத் திரும்பிய பிலாட்டீஸ் சில ஆண்டுகள் அங்கே பயிற்சியாளராக இருந்துவிட்டு, 1926ஆம் ஆண்டு அமெரிக்காவுக்குக் குடியேறினார். கடற்பயணத்தில் அவர் சந்தித்த கிளாரா என்னும் பெண்மணியே அவருடைய வாழ்க்கைத் துணைவியாகவும், தொழிலில் உடனுழைப்பாளராகவும் அமைந்தார். நியூயார்க் நகரில் எட்டாம் அவென்யூவில் 939ஆம் எண்ணுள்ள கட்டடத்தில் அவ்விருவரும் பயிற்சிக் கூடம் நடத்தினர். பிலாட்டீஸ் கண்டிப்பு மிக்கவர். உரத்த குரலில் ஆணையிடுபவர். கிளாராவோ நோயுற்று வருவோரிடம் பொறுமையுடனும் மென்மையுடனும் பழகுபவர். கணவரிடம் அஞ்சியோர் பலர் மனைவியிடம் கற்றுத் தேறினர் என்று அவர்களுடைய மாணவர்கள் நினைவுகூர்ந்துள்ளனர்.

தம்முடைய முறைக்கு அவர் இட்ட பெயர் பிலாட்டீஸ் அன்று, ‘கான்ட்ராலஜி’ என்பதே. கட்டுப்பாட்டுக் கலை என்று இதனைத் தமிழிற் சொல்லலாம். உடலின் ஒவ்வோர் அசைவும் உள்ளத்தின் ஆணைக்கு அடங்கி நிகழ வேண்டும் என்பது இதன் கருத்து. எத்தனை முறை செய்தோம் என்பதன்று, எவ்வளவு செம்மையாகச் செய்தோம் என்பதே அளவுகோல். பெரும்பாலான பயிற்சிகளை ஒருசில முறை செய்தால் போதும். கவனம் சிதறியபின் நூறு முறை செய்தாலும் பயனில்லை.

இக்கலைக்கென அவர் பல கருவிகளைப் படைத்தார். அவற்றுள் முதன்மையானது ‘ரிஃபார்மர்’ என்பது. அதன் தொடக்க வடிவத்துக்கு 1927ஆம் ஆண்டு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். கட்டில் போன்ற சட்டமொன்றில், சக்கரங்களின்மேல் ஓடும் பலகை உள்ளது. பின்னர் வந்த வடிவங்களில் அப்பலகை சுருள்வில்களால் ஒரு முனையோடு பிணைக்கப்பட்டிருக்கும். பயில்வோர் அதன்மேல் படுத்துக் காலால் தள்ளுவர். அல்லது வாரைக் கையாற் பற்றி இழுப்பர். இரும்புக் குண்டைத் தூக்கும்போது அதன் எடை எப்போதும் ஒன்றே. சுருள்வில்லோ நீள நீள எதிர்ப்பை மிகுவிக்கும். மீளும்போது சட்டென்று இழுக்கப் பார்க்கும். ஆகவே தள்ளும்போது மட்டுமன்றி, மெல்லத் திரும்பி வரும்போதும் தசைகள் விழிப்புடன் உழைத்தாக வேண்டும். அன்றியும், உடலின் எடையைப் பலகை தாங்கிக்கொள்வதால், காலூன்றி நிற்கவியலாதவரும் பயிலலாம். நியூயார்க்கின் சிறு குடியிருப்புகளுக்கு ஏற்றவாறு, பயிற்சி முடிந்தபின் சாய்வு நாற்காலியாக மாற்றிக்கொள்ளத்தக்க கருவி ஒன்றையும் அவர் அமைத்தார்.

எனினும் அவருடைய முறையின் அடித்தளம் கருவியில் இல்லை. தரையில் விரிக்கும் பாயில் இருக்கின்றது. 1945ஆம் ஆண்டு வில்லியம் ஜான் மில்லர் என்பவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட நூலில், பாயின்மேல் செய்யும் 34 பயிற்சிகள் படங்களுடன் விளக்கப்பட்டுள்ளன. அவற்றுள் முதலாவது ‘நூறு’ என்னும் பெயருடையது. மல்லாந்து படுத்து, தலையையும் கால்களையும் சற்றே உயர்த்தி, நீட்டிய கைகளை மேலும் கீழும் சிறிதளவே அசைக்க வேண்டும். ஐந்து அசைவுகளுக்கு மூச்சை உள்ளிழுத்தலும், அடுத்த ஐந்துக்கு வெளிவிடுதலும் ஒரு சுற்று. இவ்வாறு பத்துச் சுற்றுகள் செய்தால் நூறு அசைவுகளாகும். பார்ப்பதற்கு எளிது, செய்து பார்த்தால் வயிற்றுத் தசைகள் அனைத்தும் விழித்துக்கொள்ளும். வேறு சில பயிற்சிகளில், படுத்த நிலையிலிருந்து முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாகத் தரையிலிருந்து உயர்த்தி எழுந்து, மீண்டும் ஒவ்வொரு கணுவாகவே தரையிற் படிய வேண்டும். நாள்தோறும் பத்து நிமிடமேனும் தவறாது செய்யுங்கள் என்பதும், வாரத்துக்கு நான்கு முறையாக மூன்று மாதம் செய்தால் மாற்றத்தை உணர்வீர்கள் என்பதும் அந்நூல் தரும் அறிவுரைகள்.

அமெரிக்காவில் அவரை முதலில் நாடி வந்தோருள் நடனக் கலைஞர் பலர். ஜார்ஜ் பாலன்ஷைன், மார்த்தா கிரஹாம் முதலிய பெருங்கலைஞர்கள் அவருடைய முறையை மதித்தனர். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டெட் ஷான் அமைத்த ஜேக்கப்ஸ் பில்லோ என்னும் நடனப் பண்ணையில், கோடைக்காலங்களில் அவர் பயிற்சியளித்தார். நடனக் கலைஞருக்கு உடலே கருவி. முழங்கால் பிறழ்ந்தாலும் முதுகு பிடித்தாலும் அவர்களுடைய பிழைப்பே நின்றுவிடும். ஆகவே, அடிபட்ட உறுப்பைத் தனியே பாராமல், உடல் முழுவதையும் சீராக்கி அவ்வுறுப்பின் சுமையைக் குறைக்கும் ஆசிரியரை அவர்கள் தேடி வந்ததில் வியப்பில்லை. முழங்கால் வலியோடு வந்த காத்தி கிராண்ட் என்னும் ஆப்பிரிக்க அமெரிக்க நடனமணி, பின்னர் அம்முறையின் சிறந்த ஆசிரியைகளுள் ஒருவரானார். மார்பக அறுவை சிகிச்சைக்கு உட்பட்ட ஈவ் ஜென்ட்ரி என்னும் கலைஞர், பிலாட்டீஸின் பயிற்சியால் தம் கையசைவை மீட்டுக்கொண்டு, மீண்டும் மேடையேறினார்.

இத்தனை புகழுக்கிடையிலும் பிலாட்டீஸின் உள்ளம் நிறைவடையவில்லை. தம் கலை நடனக்கூடத்தோடு நின்றுவிடாமல், பள்ளிச் சிறுவர்களையும் பொதுமக்களையும் சென்று சேர வேண்டும் என்பது அவர் விருப்பம். 1934ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட முதல் நூலிலேயே, குழந்தைகளுக்கு இளமையிலேயே நிற்கவும் அமரவும் மூச்சு விடவும் கற்பிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார்; உடலைக் கூன வைக்கும் நாற்காலிகளையும் கட்டில்களையும் கண்டித்தார். தாம் காலத்துக்கு முந்தி வந்தவர் என்பது அவர் நம்பிக்கை. மருத்துவ உலகமோ அவர் சொற்களைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. அதற்கு அவரும் ஓரளவு காரணமாவார். தம் முறை எல்லாப் பிணியையும் தீர்க்கும் என்பது போல் அவர் பேசியது மருத்துவரை விலகச் செய்தது. மூச்சின் அருமையைப் பிறர்க்கு ஓயாது கற்பித்த அவர் சுருட்டுப் பிடிக்கும் வழக்கமுடையவராகவும் இருந்தார். நுரையீரல் நோயுற்று, 1967ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள், தமது 83ஆம் வயதில் மறைந்தார்.

அவருக்குப் பின் கிளாராவும், அதன்பின் ரோமானா கிரிசனோவ்ஸ்கா என்னும் மாணவியும் அக்கூடத்தின் மரபைக் காத்தனர். 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ரான் ஃப்ளெட்சர் என்னும் மாணவர் கலிபோர்னியாவிலுள்ள பெவர்லி ஹில்ஸில் ஒரு கூடம் திறக்கவே, திரைப்பட நடிகர்கள் வழியாக அதன் புகழ் பரவியது. 1980ஆம் ஆண்டு ஃபிலிப் ஃப்ரீட்மன், கெயில் ஐசன் என்னும் இருவர் எழுதிய நூல், இம்முறையின் அடிப்படைகளை ஆறாக வகுத்துக் காட்டியது: மனஒருமை, கட்டுப்பாடு, உடலின் நடுப்பகுதியை மையமாகக் கொள்ளுதல், இடையறாத ஓட்டம், செம்மை, மூச்சு என்பன அவை. புகழோடு பூசலும் வந்தது. பிலாட்டீஸ் என்னும் பெயரைத் தன் வணிகக் குறியாகக் கொண்ட ஒரு நிறுவனம், பிறர் அதனை வழங்கலாகாது என்று வழக்காடியது. யோகம், கராத்தே என்பன போலப் பிலாட்டீஸ் என்பதும் ஒரு பயிற்சி முறையின் பொதுப்பெயரே. எவருக்கும் தனியுரிமை இல்லை என்று 2000ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு மனிதரின் பெயர் பொதுச்சொல்லானது அன்றுதான் சட்டப்படி உறுதியாயிற்று.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். இப்பயிற்சியால் விளையும் பயன் என்று அறிவியல் ஒப்புக்கொள்வது எது?

நம் முதுகெலும்பு தனித்து நிற்கும் தூண் அன்று. பாய்மரத்தை நாற்புறமும் கயிறுகள் இழுத்து நிறுத்துவதுபோல், அதனைத் தசைகளே நிமிர்த்தி நிறுத்துகின்றன. வயிற்றைச் சுற்றிக் கச்சைபோல் அமைந்த குறுக்குத் தசை, மூச்சுக்குரிய உதரவிதானம், இடுப்படித் தசைகள், முதுகெலும்பை ஒட்டிய சிறு தசைகள் ஆகியன அவற்றுள் முக்கியமானவை. ஆஸ்திரேலியாவில் பால் ஹாட்ஜஸ், கரோலின் ரிச்சர்ட்சன் என்னும் ஆய்வாளர் இருவர் 1996ஆம் ஆண்டு ஓர் உண்மையை வெளியிட்டனர். நலமுடைய ஒருவர் கையைத் தூக்க முனையும்போது, கைத்தசை இயங்குவதற்குச் சிறிது முன்னரே வயிற்றின் குறுக்குத் தசை இறுகி, முதுகுக்குக் காப்பளிக்கின்றது. முதுகுவலியுடையோரிடமோ அத்தசை காலந்தாழ்த்தே இறுகுகின்றது. உடலின் நடுப்பகுதியைத் தம் பயிற்சியின் மையமாக வைத்தவர் பிலாட்டீஸ். அவர் கண்டது முழுதும் மெய்ப்பிக்கப்பட்டது என்று இதனாற் கூறிவிட இயலாது; ஆனால் அவர் சென்ற திசை தவறானதன்று என்று கொள்ளலாம்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, கீழ்முதுகு வலியில் இப்பயிற்சியின் பயனை 2015ஆம் ஆண்டு ஆராய்ந்தது. 10 ஆய்வுகளில் பங்குகொண்ட 510 பேரைப் பற்றிய செய்திகள் அதில் இடம்பெற்றன. பயிற்சி ஏதும் பெறாதோரினும், சிறிதளவே பெற்றோரினும், பிலாட்டீஸ் பயின்றோரின் வலியும் இயலாமையும் குறைந்தன என்பது ஒரு முடிவு. பிற பயிற்சிகளை ஒழுங்காகச் செய்வோரினும் இவர்கள் சிறந்த பயன் பெற்றனர் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்பது மற்றொரு முடிவு. இவ்விரண்டாம் முடிவைக் கேட்டு எவரும் ஏமாற்றமடைய வேண்டுவதில்லை. பயன் தருவது பயிற்சியின் பெயரன்று; அதனை விடாது செய்தலே என்பதைத்தான் அது நமக்குக் கூறுகின்றது.

முதுகுவலிக்கு அப்பால், உடலின் சமநிலை, வளையுந்தன்மை, நிமிர்ந்த தோற்றம் ஆகியவற்றுக்கும் இப்பயிற்சி துணைசெய்கின்றது. இடறி விழுந்தால் எலும்பு முறியும் முதுமைப் பருவத்தில், சமநிலை என்பது சிறு செய்தியன்று. ஆயினும் எல்லைகளையும் அறிந்திருத்தல் வேண்டும். மூச்சு இரைக்க நடத்தலும் ஓடுதலும் நீந்துதலும் இதயத்துக்குத் தரும் பயனை, பாயில் படுத்துச் செய்யும் பயிற்சி அதே அளவில் தருவதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட அறிவுரையின்படி, பள்ளிப் பருவத்தினர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமும், வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரையும் மிதமான விரைவில் இயங்குதல் நன்று. தசைகளை உரப்படுத்தும் பயிற்சியை வயது வந்தோர் வாரத்தில் இரண்டு நாளேனும், பள்ளிப் பருவத்தினர் மூன்று நாளேனும் இதனுடன் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தச் சேர்க்கைக்குப் பிலாட்டீஸ் பொருத்தமானது. எலும்பு நலிவுற்றோர்க்கு முதுகை முன்புறம் வளைத்துச் சுருட்டும் பயிற்சிகள் தீங்கு செய்யக்கூடும். அத்தகையோரும், கருவுற்றோரும், அண்மையில் அறுவை சிகிச்சை பெற்றோரும் மருத்துவரின் சொற்கேட்டே தொடங்க வேண்டும்.

ஒழுங்காகச் செய்தல் என்பதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகின்றோம்? புதிய பயிற்சியைத் தொடங்கிய முதற்சில வாரங்களில் தசை பருப்பதில்லை. எந்தத் தசையை, எப்பொழுது, எவ்வளவு இயக்குவது என்று நரம்புகளே முதலில் கற்றுக்கொள்கின்றன. எழுத்துக் கற்கும் சிறுவன் கை, நாள்தோறும் எழுதி எழுதியே திருந்துவது போன்றது இது. தசையின் வளர்ச்சி அதன்பின் மெல்ல வருவது. ஒரு மாதம் ஊக்கத்துடன் செய்து, அடுத்த மாதம் விட்டுவிட்டால், பெற்றது படிப்படியாகக் கரைந்து போகும். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் வருந்துவதினும், ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம் கருத்தூன்றிச் செய்வது மேலானது.

மாணவர்களே, உங்களுள் பலர் நாளின் பெரும்பகுதியைப் புத்தகத்தின்மேலோ ஒளித்திரையின் முன்போ குனிந்தபடியே கழிக்கின்றீர்கள். முதுகும் கழுத்தும் அதன் விளைவை இளமையில் பொறுத்துக்கொள்ளும், முதுமையில் பொறுத்துக்கொள்ளா. விலை மிகுந்த கருவியும் பெரிய கூடமும் இல்லையே என்று எவரும் வருந்த வேண்டுவதில்லை. நாக்கலோ முகாமின் குடிசையில் அவை இல்லை. அங்கே இருந்தவை தரையும், மூச்சும், தளராத மனமுமே. எத்திசையிலும் வேலி சூழ்ந்திருந்த அவ்விடத்தில், தன் உடலைத் தானே ஆளும் உரிமை ஒன்றை மட்டும் காவலர் எவராலும் பறிக்க இயலவில்லை. வேலி ஏதுமின்றி வாழும் நாம் அவ்வுரிமையைச் சோம்பலால் இழந்துவிடலாகாது.